கொசுறு

கோகிலவாணியின் கைக்குத் தப்பி ஓர் ஊசிமுனை போய்விட்டது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற பனியன் அது. தோள் தையலுக்குள் உடைந்த ஊசியின் முனை மாட்டிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக அந்தத் தையலைத்தான் அவள் விரலால் தடவிப் பார்த்து, சரி என்று தள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் தடவினாள். அன்றைக்கும் சரி என்றாள். கடைசி வாசலில் நிற்கிற, உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரம் கத்தியிருக்காவிட்டால் எந்த நாட்டிலோ எந்தப் பிள்ளையின் கழுத்திலோ அது போய்க் குத்தியிருக்கும்.

திருப்பூரில் வெட்டுவது, தைப்பது, மடிப்பது எல்லாவற்றையும் இயந்திரத்திடம் ஒப்படைத்து அப்போது ஒரு தலைமுறை ஆகியிருந்தது. குழந்தைத் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தார்கள். மனிதக் கை தடவிப் பார்த்திருக்க வேண்டும். கேமராவுக்கு ஓட்டை தெரியும், எண்ணெய்க் கறை தெரியும், உறுத்துவது தெரியாது. அதனால் கம்பெனியில் 'கை செக்கிங்' என்று ஒரு வரிசைப் பெண்கள் மிஞ்சியிருந்தார்கள். அந்த வரிசையில் முதல் மேசை கோகிலவாணியுடையது. மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் துணியை அவளிடம் நீட்டுவார்கள்.

சூப்பர்வைசர் தண்டபாணி அந்த ஊசிமுனையைக் காந்தத்தில் ஒட்டி எடுத்துக்கொண்டு வந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"என்னுங்கக்கா இது? நீங்க பாத்த பீஸுங்களா?"

"நாம்பாத்ததுதான்."

"கை மரத்துப்போச்சுங்களா? மிஷின்ல சொன்னீங்களா?"

"சொன்னேன் தண்டபாணி. சொல்லச் சொல்லத்தான் மரத்துட்டே போகுது."

அவன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அடுத்த ஆடிட்டுக்குள்ள சரி பண்ணிக்கோங்கக்கா. விரல் டெஸ்ட் வெப்பாங்க. அதுல போச்சுன்னா உங்கள வேற எங்க போடறது? கூட்டறதக்கூட மிஷின் கூட்டுது."

இதுதான் அவள் முன்னால் நின்றது. விரல் திரும்பினால் சோறு. திரும்பாவிட்டால், நாற்பது வயதில், துணியைத் தவிர வேறெதுவும் தெரியாத கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

தண்டபாணி சொன்ன மிஷின் வாசலில் இருந்தது. பெண்கள் அதற்குப் 'பூசாரி' என்று பேர் வைத்திருந்தார்கள். காலையில் உள்ளே வருகிற எல்லோரும் கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி இடது கையின் மேல் வலது கையைக் குழித்து அதன் முன்னால் நிற்க வேண்டும். "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று தேன் தடவிய பெண்குரல் கேட்கும். சொன்னதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே இருக்கிற பொடிகளைக் கலந்து, அந்த ஆளுக்கென்றே ஒரு மாத்திரையை அப்போதே அச்சடித்துச் சுடச்சுடக் கையில் போடும். அதற்கு 'முழுமணி' என்று பேர். பதிமூன்று வைட்டமின்கள், அதற்குத் துணையாக இரும்பு, துத்தநாகம் என்று ஒரு பட்டாளம். விழுங்கி, கேமராவுக்கு வாயைத் திறந்து காட்டினால்தான் கதவு திறக்கும். கதவு திறந்தால்தான் அன்றைக்கு வேலைக்கு வந்ததாகக் கணக்கு.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முன்பொரு காலத்தில் சத்து மாத்திரை என்று சொல்லி வெறும் சுண்ணாம்பை விற்று மாட்டினார்கள். மாநிலமே கொதித்தது. கொதித்தவர்கள் கேட்டது நியாயம்தான். அதைக் கேட்டு ஒரு சட்டம் வந்தது. குறையா ஊட்டச் சட்டம். வேலைக்குப் போகிற எல்லோருக்கும் தினம் மாத்திரை கட்டாயம், அட்டையில் போட்ட அளவுக்கு ஓர் இம்மி குறைந்தாலும் ஜெயில். சரி, கூடினால்? அதைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடச் சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிற ஊர் இது. சட்டம் எழுதிய மகானுபாவர்கள் மட்டும் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை போலிருக்கிறது.

கோகிலவாணிக்கு முதலில் கட்டைவிரல் நுனிதான் மதமதவென்றிருந்தது. பூசாரியிடம் சொன்னாள். "ஊட்டக் குறைபாட்டின் அறிகுறி. உங்கள் அளவு உயர்த்தப்படுகிறது," என்றது அது. அடுத்த மாதம் ஐந்து விரலும். மறுபடி உயர்த்தியது. பிறகு பாதம், செருப்பு நழுவினாலும் தெரியவில்லை. அதற்கும் உயர்த்தியது. டாக்டரிடம் போனாள். அவரும் தன் திரையைப் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

இரண்டாவது மேசை ருக்மணியும் கொஞ்ச நாளாகக் கையை உதறி உதறித்தான் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். கேட்டால், "எனக்கும் ஏத்திக் குடுக்குதுக்கா, சரியாப் போயிரும்," என்று சிரித்தாள்.

கோகிலவாணிக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. மறுநாள் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, வாயைத் திறந்து காட்டி, உள்ளே போனதும் முந்தானையில் துப்பி முடிந்துகொண்டாள். மருந்துக்கு அழுது அடம்பிடிக்கிற வயதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை. ஒரு வாரம் அப்படிச் சேர்த்ததைப் பர்வீனிடம் கொடுத்தாள்.

பர்வீன் கோகிலவாணி குடியிருந்த காம்பவுண்டிலேயே மூன்றாவது வீடு. சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதிக்கிற லேபில் வேலை. ஆற்றுத் தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிற கருவியில் மாத்திரையைக் கரைத்து ஊற்றிப் பார்ப்பது பெரிய காரியமில்லை என்று வாங்கிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துவைக்கிற கல் பக்கத்தில் கோகிலவாணி துணி அலசிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அக்கா, பி6னு ஒரு வைட்டமின் இருக்குல்ல. அட்டையில போட்டிருக்கறது ஒரு பங்குன்னா உள்ள இருக்கறது நாலு பங்குக்கும் மேல."

"அடப்பாவிகளா, கம்மியாப் போடறாங்கன்னுதான நான் நெனச்சேன்."

"கம்மியாப் போட்டா ஜெயிலுக்கா. அதனால கொசுறு போடறாங்க."

"கொசுறா?"

"நெசமாவே அந்தப் பேருதான். கம்பெனிக்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க. பாருங்க, மாத்தர கடையில ரெண்டு வருசம் கெடக்கும்னு வெய்யுங்க. சூட்டுல சத்து கொஞ்சங் கொஞ்சமாச் செத்துப்போகும். காலாவதியாகற அன்னிக்கும் அட்டையில சொன்ன அளவு இருக்கோணும்ல? அதுக்காக மொதல்லயே கூடப் போட்டு வெப்பாங்க. டப்பாவுல வித்த காலத்துல அது நாயம்தான்."

கோகிலவாணி பிழிந்துகொண்டிருந்த துணியை அப்படியே வைத்தாள். "பூசாரி அப்பத்தான புள்ள அச்சடிக்குது? கைச்சூடு ஆறறதுக்குள்ள முழுங்கறோம்?"

"அதாங்க்கா கொடும. டப்பா போயிருச்சு, கொசுறு போகல. ரெண்டு வருசத்துக்குப் போட்ட கொசுறு அந்த நிமிசமே வயித்துக்குள்ள போகுது. அரிசில சத்து கலக்கறாங்க, உப்புல, எண்ணெய்ல, பால்ல கலக்கறாங்க. ஒவ்வொருத்தனும் அவனவன் கொசுறப் போடறான். தனித்தனியாப் பாத்தா எல்லாரும் சட்டப்படி சரி. மொத்தத்தையும் கூட்டிப் பாக்கறதுக்கு மட்டும் ஆளில்ல."

"அது செரி. என் கை எதுக்கு மரக்குது?"

பர்வீன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். "இந்த பி6 கொறஞ்சாலும் நரம்பு மரத்துப்போகும். ரொம்பக் கூடுனாலும் மரத்துப்போகும். ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணுதான். பூசாரிக்குக் கொறச்சல் மட்டுந்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்க மரக்குதுன்னு சொல்லச் சொல்ல அது கொறச்சல்னு நெனச்சு ஏத்துது. அது ஏத்த ஏத்த உங்களுக்கு மரக்குது."

கோகிலவாணிக்கு உடனே கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. தக்காளி வாங்கினால் ஒரு பச்சைமிளகாய், கொத்தமல்லி என்று கொசுறு கேட்டு வாங்காமல் அவள் ஒரு நாளும் கடையை விட்டு நகர்ந்ததில்லை. கூடக் கொடுக்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? இந்த ஊரில் குறைத்துக் கொடுத்தவனைக் கட்டிவைத்து அடிப்பார்கள், கூடக் கொடுத்தவனை மகராசன் என்பார்கள். அந்தத் தைரியத்தில்தான் முழுமணிக்காரன் அவள் நரம்பைத் தின்றிருக்கிறான். சிரிப்பு அடங்கினதும் கோபம் வந்தது.

"நிறுத்திட்டா சரியாகுமா?"

"மெதுவாத் திரும்புங்கறாங்க. எல்லாருக்கும் முழுசாத் திரும்பறதில்ல. எவ்வளவு சீக்கிரம் நிறுத்தறமோ அவ்வளவு நல்லது. நீங்க பாட்டுக்கு இப்படியே துப்பிட்டு இருங்கக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"ருக்மணி முழுங்கறா. அவ பின்னால நிக்கற புள்ளைக எல்லாம் முழுங்குதுக. நான் மட்டும் முந்தானையில துப்பிட்டு, கை நல்லானதும் முதல் மேசையில உக்காந்துக்கறதா? த்தூ."

அவள் கேட்காமல் விடவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள். "இது மருந்தில்லம்மா, உணவு. உணவு ஆபீசுக்குப் போங்க," என்றார்கள். உணவு அலுவலகத்துக்குப் போனாள். "உணவுதான். ஆனா உங்களுக்கு நரம்பு பாதிச்சுதுன்னு சொல்றீங்க. உணவுக்கு எப்படிம்மா பக்கவிளைவு இருக்கும்? பக்கவிளைவுன்னா அது மருந்து. மருந்து ஆபீசுக்குப் போங்க," என்றார்கள். இட்லிக்குப் பக்கவிளைவு உண்டா என்று ஒருவர் கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். நாசமாய்ப் போக என்று மனதுக்குள் சொல்லவில்லை அவள், வாய்விட்டே சொல்லிவிட்டு வந்தாள்.

மிச்சம் இருந்தது ஊட்டக் குறைதீர் மன்றம். அங்கே புகார் கொடுக்கிற திரையில் மூன்று காரணங்கள்தான் இருந்தன. மாத்திரை வரவில்லை. மாத்திரை சிறியதாக இருந்தது. மாத்திரை உடைந்திருந்தது. அதிகமாக இருந்தது என்று ஒருவர் புகார் சொல்ல முடியும் என்பதே அதை அமைத்தவருக்குத் தோன்றவில்லை. கோகிலவாணி மூன்றாவதைத் தொட்டாள். விரலுக்குத் தெரியாததால் இரண்டு முறை அழுத்திவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு உடைந்த மாத்திரைகள் என்று பதிவானது.

மறுநாள் காலை பூசாரியின் முன்னால் கையைக் குழிக்காமல் நின்றாள்.

"இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

"நல்லா இருக்கேன். எனக்கு வேண்டாம்."

"மன்னிக்கவும். மீண்டும் சொல்லுங்கள்."

"வேண்டாம்."

பூசாரிக்கு அந்த வார்த்தை தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை நீண்டது. கதவு திறக்கவில்லை. தண்டபாணி ஓடி வந்து, "அக்கா, வாயில போட்டுட்டு வாங்கக்கா, அப்பறம் பேசிக்கலாம்," என்று கெஞ்சினான். அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள், அதையே சொன்னாள், திரும்பினாள். மூன்றாம் நாள் முழுமணி நிறுவனத்திலிருந்தே நோட்டீஸ் வந்தது. ஊட்டம் மறுத்துச் சக தொழிலாளர்களிடம் அச்சத்தைப் பரப்புகிறாராம். அதற்கும் அவளுடைய புகாருக்கும் சேர்த்து மன்றத்தில் ஒரே நாளில் விசாரணை என்று போட்டிருந்தது. ஊரான் நெல்லைத் திருடிக் கல்யாணம் பண்ணினவன், பந்தியில் குறை சொன்னவளைத் தூணில் கட்டிவைத்த கதையாகத்தான் இருந்தது அவளுக்கு.

விசாரணை அலுவலர் அருள்நம்பி ஓய்வுபெறப் போகிற வயதுக்காரர். முகத்தில் கெட்டது எதுவும் தெரியவில்லை. அதுவே கோகிலவாணிக்கு எரிச்சலாக இருந்தது. எதிரில் முழுமணியின் வக்கீல் அனிருத்தன், சென்னையிலிருந்து வந்தவர், மடிப்புக் கலையாத சட்டை. இவள் பக்கம் பர்வீன்.

"உடைஞ்ச மாத்திரை ரெண்டையும் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?" என்று ஆரம்பித்தார் அருள்நம்பி.

"மாத்தர உடையலீங்க. நான்தான் உடஞ்சு போயிருக்கேன். அதுக்கு உங்க திரையில எடமில்லீங்க."

வக்கீல் மெல்லச் சிரித்தார். "சார், புகாரே பொய்னு அவங்களே ஒத்துக்கறாங்க."

பர்வீன் தன் சோதனை முடிவைச் சொன்னாள். வக்கீல் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "சாயத் தண்ணி டெஸ்ட் பண்ற இடத்துல உணவை டெஸ்ட் பண்ணியிருக்காங்க. செல்லாது. செல்லும்னே வெச்சுக்கிட்டாலும் இதுல எங்க குத்தம் என்ன இருக்கு? அட்டையில சொன்னதைவிடக் குறைச்சலா இருக்கா? இல்ல. கூட இருக்கு. குறையக் கூடாதுன்னு சட்டம் சொல்லுது, குறையல. அதிகமாக் கொடுத்தோம்னு உலகத்துல யாராவது கேஸ் போடுவாங்களா சார்?"

"நான் போடறேன்," என்றாள் கோகிலவாணி.

"டாக்டர் திரையில உங்க ரத்தத்துச் சத்துக் கணக்கு என்னம்மா காட்டுது? பச்சை. நிறைவுனு காட்டுது."

"பச்சைக்கு மேல என்னங்க கலரு இருக்குது?"

வக்கீலுக்குப் புரியவில்லை.

"குடம் நெறஞ்சாலும் பச்ச. நெறஞ்சு வழிஞ்சு வீடு முழுக்கத் தண்ணி நின்னாலும் பச்ச. அதுக்கு மேல கோடே போடலீங்களே நீங்க. ஒரு வரிசப் பொம்பளைகளுக்கு விரல் செத்துட்டு இருக்குது. ஒரு கைக்கொழந்த கழுத்துல ஊசி ஏறியிருக்கும். உங்க திரை பச்சையாவே இருந்திருக்கும்."

"உணர்ச்சிவசப்படறாங்க," என்றார் வக்கீல் அலுவலரைப் பார்த்து. "சார், இது அதே மாத்திரைதான். கலெக்டர் ஆபீஸ்ல முழுங்கறாங்க, நீங்க முழுங்கறீங்க, தினமும் காலைல நானும் முழுங்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே? இவங்களுக்கு மட்டும் எப்படி ஆகும்? வேலை செய்யப் பிடிக்கல, அவ்வளவுதான்."

கோகிலவாணி எழுந்தேவிட்டாள். வேலை செய்யப் பிடிக்கவில்லையாம். பர்வீன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அருள்நம்பி, "உக்காருங்கம்மா, உக்காருங்க," என்றார். அந்த நேரத்தில்தான் கேன்டீன் அம்மாள் கெட்டிலோடு வந்து, அலுவலரின் எவர்சில்வர் டம்ளரில் டீயை விளிம்பு வரை ஊற்றிவிட்டுப் போனாள். ஆவி பறந்தது.

அருள்நம்பி வக்கீல் பேசுவதைக் கேட்டுக்கொண்டே டம்ளரை எடுத்தார். விளிம்பைப் பிடித்து எடுக்கவில்லை. துண்டும் சுற்றவில்லை. உள்ளங்கை முழுக்கப் பதிய, தண்ணீர்ச் சொம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, மேசைக்கு மேலே அப்படியே வைத்திருந்தார். குடிக்கக்கூட இல்லை. வக்கீல் சட்டப் பிரிவுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கோகிலவாணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்," என்றாள். "டீ சுடலீங்களா?"

"என்னம்மா?"

"கைய எடுங்க சார். டம்ளர வெச்சுட்டுக் கையப் பாருங்க."

அவர் டம்ளரை வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை செக்கச் செவேலென்று இருந்தது. கொஞ்சம் வெட்கப்பட்டவர் மாதிரி, "டீ ஆறித்தாம்மா இருக்கு," என்றார். பிறகு, "எனக்கும் கொஞ்ச நாளா இப்படித்தான். பேனா நழுவுது. ஊட்டக் குறைபாடுதான்னு மிஷின் சொல்லிச்சு. ரெண்டு தடவை ஏத்தியிருக்கு. சரியாயிடும்," என்றார்.

சரியாயிடும். ருக்மணி சொன்ன அதே சொல். கோகிலவாணிக்கு அவரைத் திட்ட வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"இதுல என்ன சார் பெரிய கண்டுபிடிப்பு?" என்று வக்கீல் எழுந்து வந்தார். "ஆறின டீயை வெச்சு நாடகம் போடறாங்க. ஆறித்தானே சார் இருக்கு?" என்று சொல்லிக்கொண்டே அலுவலருக்கு உதவுகிற பாவனையில் டம்ளரை ஒரு பிடி பிடித்துத் தூக்கினார்.

"ஆ!"

டம்ளர் மேசையில் விழுந்து, உருண்டு, டீ அவருடைய சட்டையெல்லாம் கொட்டியது. வக்கீல் கையை உதறிக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தார். கோகிலவாணி அவருடைய கையையே பார்த்தாள். சூடு பட்டால் சுடுகிற விரல்கள். தொட்டால் தெரிகிற விரல்கள். அவள் இழந்தது அத்தனையும் அந்த ஆளிடம் பத்திரமாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது.

மேசை விளிம்பிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது. அருள்நம்பி தன் உள்ளங்கையை இன்னொரு முறை பார்த்தார். நடுவில் தோல் கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. அவர் அதை அழுத்திப் பார்த்தார், முகம் மாறவில்லை. பிறகு நிமிர்ந்து வக்கீலைப் பார்த்தார்.

"நீங்க மாத்திரைய எப்ப சார் நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

வக்கீல் விரல்களை வாய்க்கு அருகில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.